குழாயில் கட்டிய ஆடு

எறையூர்ச் சர்க்கரை ஆலையின் புகைபோக்கி தூரத்தில் தெரிகிற ஒரு கிராமம். ஊர்ப் பெயர் வேண்டாம். எந்தப் பெயரைப் போட்டாலும் பக்கத்து ஊர்க்காரர் "எங்க ஊரைத்தான் எழுதியிருக்கான்" என்று வந்து நிற்பார். 2025 ஆகஸ்ட் 16, சாயங்காலம். முந்தின நாள்தான் கிராம சபை நடந்து முடிந்திருக்கிறது. திண்ணையில் மடிக்கணினியோடு பேரன். ஊராட்சிச் செயலருக்குத் தட்டச்சு செய்து கொடுப்பவன். எதிரே முருங்கைக்கீரை உருவியபடி அப்பாயி. வாசலில் ஒரு சிமெண்ட் தூண், தூணில் ஒரு குழாய், குழாயில் ஒரு வெள்ளாடு.

பேரன்: அப்பாயி, செத்த நேரம் கேக்குறதுக்குப் பதில் சொல்லு. நம்ம ஊருக்கு மார்க் போடப் போறாங்க.

அப்பாயி: ஊருக்கா? எந்த வாத்தியாரு?

பேரன்: டெல்லி. பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம். ஊராட்சி முன்னேற்றக் குறியீடுன்னு பேரு. வறுமை, சுகாதாரம், கொழந்தைங்க, தண்ணி, பசுமை, கட்டமைப்பு, சமூகப் பாதுகாப்பு, நல்லாட்சி, பொம்பளைங்க. மொத்தம் ஒம்பது பாடம். மொத தடவ 435 குறியீடு வச்சாங்க. ஊரெல்லாம் முழி பிதுங்கவும், இப்ப 147ஆ கொறச்சுட்டாங்க.

அப்பாயி: என்னைப் பொண்ணு பாக்க வந்தவங்க மூணு கேள்விதான் கேட்டாங்க. சரி, கேளு.

பேரன்: மொதல்ல தண்ணி. வீட்டுக்குக் குழாய் இருக்கா?

அப்பாயி: அந்தா நிக்குதே, தெரியல?

பேரன்: பயன்பாட்டுல இருக்கா?

அப்பாயி: தெனமும். ஆடு கட்றேன்ல.

பேரன்: (தட்டுகிறான்) 'பயன்பாட்டில் உள்ளது.'

அப்பாயி: தண்ணி வருதான்னு கேக்கலியா நீ?

பேரன்: ஜல் ஜீவன் கணக்குப்படி ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர். நாம நாலு பேரு. 220 லிட்டர். பதினாலு, பதினஞ்சு கொடம்.

அப்பாயி: நேத்து விடியக்காலம் ரெண்டாவது கொடம் ரொம்பறதுக்குள்ள நின்னுபோச்சு. அதுக்கு முந்தின நாள் காத்து வந்துச்சு. காத்தையும் லிட்டர்லதான் அளப்பாங்களா?

பேரன்: அப்படி நாளு நாளாப் பாக்கமாட்டாங்க. சராசரி எடுப்பாங்க.

அப்பாயி: சராசரிய ஊத்தி ஒலை வைக்க முடியும்னா எனக்கும் ரெண்டு கொடம் புடிச்சு வை.

பேரன்: சரி சரி, அடுத்தது சுகாதாரம்.

அப்பாயி: இதுக்குப் போடு மார்க்கு. மாசமானா ஒரு பொண்ணு வூட்டுக்கே வந்து சக்கர மாத்தர குடுத்துட்டுப் போகுது. பொய் சொல்லக்கூடாது. ஆலை வந்தப்ப உங்க தாத்தா, 'ஊரே இனிக்கப் போவுது பாரு'ன்னாரு. அவரு சொன்னது எனக்கு மட்டும் பலிச்சுருச்சு.

பேரன்: அடுத்து பொருளாதாரம். இதுல நமக்குப் பயமே இல்ல. எறையூர் சிப்காட் இருக்கு. 2022 நவம்பர் 28ந் தேதி முதலமைச்சரே வந்து தொடங்கி வச்சாரு. காலணிப் பூங்காவுக்கு 2,440 கோடி முதலீடு, 29,500 பேருக்கு வேலைன்னு அறிவிப்பு. மறு வருசம் தொழிற்சாலையும் தெறந்தாச்சு. குரோக்ஸ் செருப்பு தைக்கிறாங்க... இல்ல, வார்க்கிறாங்க.

அப்பாயி: ஓட்ட ஓட்டையா இருக்குமே, அதுவா?

பேரன்: அது காத்தோட்டத்துக்கு அப்பாயி.

அப்பாயி: நம்ம ஊர்க் குழாயிலயும் அதான் ஓடுது. சரி, கிண்டல் வேணாம். எதுத்த வூட்டுப் பொண்ணு அங்கதான் போவுது. காலைல பஸ்ஸு வந்து ஏத்திட்டுப் போவுது. அவ ஆத்தா கை கரும்புத் தோகை அறுத்து அறுத்து பாளம் பாளமா வெடிச்சுக் கெடக்கும். இவ கையில மருதாணி நிக்குது. எனக்கு அதப் பாத்தா நெறைவாத்தான் இருக்கு. ஆனா அத நம்ம ஊராட்சியா கொண்டாந்துச்சு?

பேரன்: இல்ல. அரசாங்கம்.

அப்பாயி: நெலம் நம்ம ஊருதா?

பேரன்: அதுவும் இல்ல. பஸ்ஸு நம்ம ஊரு வழியாப் போவுது.

அப்பாயி: அப்ப டிரைவருக்குப் போடு மார்க்க.

பேரன்: 'வேலைவாய்ப்பு வசதி உண்டு'ன்னு போட்டுக்குறேன். நூறு நாள் வேலைல கூலி எவ்வளவு வாங்குற? இந்த வருசத்துக்கு 336 ரூவா.

அப்பாயி: அந்த நம்பரு பலகையில எழுதிருக்கு, பாத்துருக்கேன். கைக்கு வர்றப்ப அளவு எடுத்துக் கழிச்சுருவாங்க. பலகையப் பாத்தா, கையப் பாத்தா?

பேரன்: பலகையப் பாத்து.

அப்பாயி: நெனச்சேன்.

பேரன்: இப்ப சுற்றுச்சூழல். நேத்து சபையிலயே தீர்மானம் போட்டாச்சு. தூக்கிப் போடற பிளாஸ்டிக்கு ஊருக்குள்ளயே வரக்கூடாது, எல்லாரும் மஞ்சப்பை எடுக்கணும். நீகூட கை தூக்குன.

அப்பாயி: ஒரு கையத் தூக்குனேன். இன்னொரு கையில டீ இருந்துச்சு. எதுல குடுத்தாங்க டீய?

பேரன்: பேப்பர் கப்புல.

அப்பாயி: பேப்பருன்னுதான் நானும் நாலஞ்சு பொறுக்கிட்டு வந்தேன், அடுப்பு மூட்டலாம்னு. நெருப்பு பட்டதும் சுருண்டு, உருகி, வூடே நாறிப் போச்சு.

பேரன்: (குரலைத் தாழ்த்தி) உள்பக்கம் பிளாஸ்டிக் பூசியிருப்பாங்க. 2019 ஜனவரி ஒண்ணுலேருந்து தடை பண்ணுன 14 பொருள்ல அதுவும் சேத்திதான்.

அப்பாயி: தடை பண்ணுன கப்புல டீயக் குடிச்சுட்டு, தடை வேணும்னு கை தூக்கிருக்கோம்.

பேரன்: எவர்சில்வர் டம்ளர் வச்சிருக்கலாம். கிராம சபைச் செலவுக்கு முன்ன 1,000 ரூவாதான். இப்ப 5,000 வரைக்கும் பண்ணலாம். கழுவுறதுக்குத்தான் தீர்மானத்துல ஆள் போடல.

அப்பாயி: மரம் பத்திக் கேக்கலியா?

பேரன்: கேக்குது. ஊர்ல பசுமைப் பரப்பு இருக்கா?

அப்பாயி: ஏரியப் போய்ப் பாரு, கண்ணு கூசுற பச்ச.

பேரன்: அது சீமைக்கருவ.

அப்பாயி: டெல்லிக்குத் தெரியுமா அது கருவன்னு? மேல இருந்து படம் புடிச்சா பச்ச பச்சதான். தண்ணி நிக்கவேண்டிய எடத்துல மரம் நிக்குது. தண்ணியில போற மார்க்கு பசுமையில வந்துரும். சரியாப் போச்சு.

பேரன்: நட்ட மரக்கன்னு?

அப்பாயி: அதுவும் வீணாவல. (ஆட்டைப் பார்க்கிறாள்.)

பேரன்: (தட்டுகிறான்) 'மரக்கன்றுகள் நடப்பட்டன.'

அப்பாயி: எழுது. நட்டது நெசந்தானே.

பேரன்: கடைசிப் பாடம், நல்லாட்சி. வருசத்துக்கு ஆறு கிராம சபை. முன்ன நாலுதான், 2022ல மார்ச் 22ம் நவம்பர் ஒண்ணும் சேத்தாங்க. நேத்து எத்தன பேரு வந்திருந்தீங்க?

அப்பாயி: பந்தலுக்குள்ள நாப்பது பேரு இருப்போம். ரெண்டு நாயி.

பேரன்: நாப்பதா? நம்ம ஊரு சனத்தொகைக்கு நூறு பேரு இருந்தாத்தான் சபையே செல்லும். பதிவேட்டுல 112 கையெழுத்து இருக்கே!

அப்பாயி: முந்தாநாளே நூறு நாள் வேலை நடக்குற எடத்துக்கு நோட்டு வந்துச்சு. எல்லாரும் கைநாட்டு வச்சோம். சபை கூடறதுக்கு மொத நாளே சபை கூடிருச்சு. இதவிட வேகமா எந்த ஊர்ல நடக்கும்?

பேரன்: (தட்டுகிறான்) 'மக்கள் பங்கேற்பு சிறப்பு.' அடுத்தது... தலைவர் வந்திருந்தாரா?

அப்பாயி: எந்தத் தலைவரு?

பேரன்: ஆமால்ல. 2019 டிசம்பர்ல ஓட்டுப் போட்டோம். அஞ்சு வருசம் இந்த ஜனவரி 5ந் தேதியோட முடிஞ்சுருச்சு. மறு தேர்தல் வரல. இப்ப தனி அலுவலர்தான். ஒன்றிய ஆபீசுல இருப்பாரு. ஒரு ஊரா ரெண்டு ஊரா, ஏகப்பட்ட ஊருக்கு அவரேதான்.

அப்பாயி: அப்ப இந்த மார்க்கு அவருக்கா?

பேரன்: இல்ல. இது 2023-24ஆம் வருசத்துக் கணக்கு. அப்ப தலைவரு இருந்தாரு.

அப்பாயி: பரிச்ச எழுதுனவரு பள்ளிக்கூடத்த விட்டே போயிட்டாரு. இப்ப மார்க் சீட்ட யாருகிட்டடா குடுப்பீங்க? யாரு கையெழுத்துப் போடுவா?

பேரன்: அது மட்டும் இல்ல. தேர்ந்தெடுத்த மன்றம் இருந்தாத்தான் மத்திய நிதிக்குழுக் காசு வரும்னு விதி வேற இருக்கு.

அப்பாயி: காச வுடு. முன்ன தண்ணி நின்னுச்சுன்னா பொம்பளைங்க அத்தன பேரும் காலிக் கொடத்தத் தூக்கிட்டுப் பிரசிடெண்டு வூட்டு வாசல்ல போய் நிப்போம். நல்லவருன்னு சொல்ல மாட்டேன். பல்லு தேச்சுக்கிட்டே திட்டுவாரு. நாங்களும் திட்டுவோம். ஆனா திட்டி முடிச்சதும் மோட்டாரப் போடச் சொல்லி ஆள வுடுவாரு. அடுத்த வாட்டி ஓட்டுக்கு இதே வாசலுக்கு வரணும்ல? இப்ப எந்த வாசல்ல போய் நிக்கிறது? கொடத்த எடுத்துக்கிட்டு பஸ்ஸேறி ஒன்றிய ஆபீசுக்குப் போனா, கண்டக்டரு கொடத்துக்கு லக்கேஜ் கேப்பான்.

பேரன்: (திரையைத் தள்ளிப் பார்க்கிறான்.)

அப்பாயி: தேடு. 147 கேள்வியில அது இருக்கா? 'தண்ணி வரலன்னா யாரு வாசல்ல நிப்ப?'ன்னு.

பேரன்: இல்ல அப்பாயி.

அப்பாயி: சரி, போன தடவ எல்லா ஊரும் எவ்வளவு வாங்குச்சு?

பேரன்: ரிசல்ட்டு இந்த ஏப்ரல்லதான் வந்துச்சு. நாடு பூரா 2,16,285 ஊராட்சி. 90க்கு மேல எடுத்தா சாதனையாளர். 75க்கு மேல முன்னணி. 60க்கு மேல செயல்படறவங்க. 40க்கு மேல ஆர்வலர். அதுக்கும் கீழ தொடக்க நிலை. முன்னணியில 699. செயல்படறவங்க 77,298. ஆர்வலர்தான் அதிகம், 1,32,392. தொடக்க நிலையில 5,896.

அப்பாயி: சாதனையாளரு?

பேரன்: ஒண்ணுகூட இல்ல.

அப்பாயி: பரவால்லியே! உன்ன மாதிரி ஆளுங்க தட்டியும் ஒரு ஊருகூட 90 வாங்கலன்னா, எங்கயோ யாரோ நெசத்த எழுதிருக்காங்க. நீ நமக்கு எவ்வளவு வரும்ங்குற?

பேரன்: இப்ப எழுதுனபடி பாத்தா முன்னணி வந்துரும் போல.

அப்பாயி: ஆர்வலர்லயே போட்டுரு. ஆர்வம் இருக்கு எங்களுக்கு. தண்ணி மேல.

பேரன்: அதெல்லாம் நாம சொல்ல முடியாது, கணினியே கூட்டிப் போட்டுக்கும். நாளைக்குச் சரிபாக்க ஆள் வருவாங்களாம்.

அப்பாயி: (எழுந்து, மடியில் இருந்த கீரைக்காம்பை உதறுகிறாள்.) அதிகாரி வர்ற நேரத்துல வாசல்ல ஆடு நின்னா உனக்குத்தான் அசிங்கம். அவுத்து அந்தப் புளியமரத்துல கட்டு, போ.

பேரன்: வேணாம் அப்பாயி, அங்கயே நிக்கட்டும். ஆட்ட அவுத்துட்டா, அப்பறம் குழாய் பயன்பாட்டுல இல்லன்னு ஆயிரும்.