கல்லுக்கு அறம் உண்டா?

கே: உயிர்களே இல்லாத உலகில் நன்மை, தீமை இருக்குமா?

ப: இருக்காது. செவ்வாயில் ஒலிம்பஸ் மான்ஸ் என்றொரு எரிமலை. எவரெஸ்டைப் போல இரண்டரை மடங்கு உயரம். அது எத்தனை முறை குமுறியிருந்தாலும் அழுவதற்கு அங்கே ஆளில்லை. கி.பி. 79இல் வெசூவியஸ் குமுறியபோது பொம்பெயி நகரமே சாம்பலில் புதைந்தது. அது துயரம். ஆனால் குற்றம் இல்லை, மலைக்கு ஏது புத்தி? துயரத்துக்குப் படுபவர் வேண்டும். குற்றத்துக்குச் செய்பவரும் வேண்டும்.

கே: ஆள் இல்லாவிட்டாலும் இரண்டும் இரண்டும் நான்குதானே? அறமும் அப்படித்தான் என்றால்?

ப: பாதி ஒப்புக்கொள்கிறேன். ‘வலி அறியும் உயிரை வீணாக வதைப்பது தவறு’ என்பது முதல் உயிர் தோன்றும் முன்பும் சரிதான். ஆனால் முதல் உயிர் துடிக்கும்வரை அதற்கு வேலை இல்லை.

கே: அப்படியானால் அறம் என்பது பெரும்பான்மையின் அபிப்பிராயம், அவ்வளவுதானே?

ப: இல்லவே இல்லை. இங்கேதான் பலரும் வழுக்கி விழுகிறார்கள். அறத்துக்கு உயிர்கள் வேண்டும். அவற்றின் ஓட்டு வேண்டாம். பேரரசில் அடிமைமுறையை ஒழிக்க பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது 1833இல். அதற்கு முந்தைய வருடம் விழுந்த சவுக்கடி, அன்று சட்டம் இல்லாததால் நியாயமாகிவிடுமா? சட்டத்துக்குப் புரிய நாளாயிற்று. முதுகுக்கு அன்றே தெரியும்.

கே: பார்க்க ஆளில்லாவிட்டாலும் அழகான உலகமே மேல் என்றாராமே ஒரு தத்துவ அறிஞர்?

ப: கேம்பிரிட்ஜின் ஜி. ஈ. மூர். 1903இல் வந்த நூலில் இரண்டு உலகங்களைக் கற்பனை செய்யச் சொன்னார். ஒன்றில் மலை, ஆறு, அந்திவானம். மற்றது வெறும் குப்பைமேடு. இரண்டையும் யாரும் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. அப்போதும் முதலாவது இருப்பதே நல்லது என்றார். படிக்கும்போது நம் தலையும் தானாக ஆடுகிறது. ஏன் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் குப்பைமேட்டை மனக்கண்ணால் பார்த்து முகம் சுளிப்பது நாம்தான். ஆளில்லா உலகத்துக்குள் நாமே மூக்கை நுழைத்துவிடுகிறோம். மூரும் 1912இல் எழுதிய நூலில், உணர்வு கலக்காத எதுவும் தன்னளவில் நன்மை ஆகாது என்ற பக்கம் சாய்ந்தார். அந்த நேர்மைக்கு ஒரு வணக்கம்.

கே: உலகின் கடைசி மனிதன், சாகும் முன் எல்லா மரங்களையும் வெட்டிச் சாய்த்தால் தவறா?

ப: தத்துவ அறிஞர் ரிச்சர்ட் ரூட்லி 1973இல் கேட்ட கேள்விக்கு உறவு இது. அவர் சொன்ன மனிதன் விலங்குகளையும் விட்டுவைக்கவில்லை. அதற்குப் பதில் சுலபம், தவறு. மரம் மட்டும் மிச்சம் என்றால்தான் தொண்டையில் சிக்குகிறது. கோடரியைப் பிடுங்க எனக்கும் கை துடிக்கிறது. ஆனால் நான் கடிந்துகொள்வது அவன் மனத்தின் வன்மத்தை. உணரும் உயிர் ஒன்று அங்கே இன்னும் மிச்சம் இருக்கிறது: அவனே.

கே: அப்படியானால் முல்லைக்கொடிக்குத் தேர் கொடுத்த பாரியை என்ன சொல்வது?

ப: புல்லுக்கும் மரத்துக்கும் ஓர் அறிவு உண்டு என்று வகுத்தது தொல்காப்பியம். செடிக்கு வலிக்கும் என்பதற்குச் சான்று இல்லைதான். ஆனாலும் சந்தேகத்தின் பலனை உயிருக்குத் தந்தவனை நான் குறை சொல்ல மாட்டேன்.

கே: இதெல்லாம் நடைமுறைக்கு உதவுமா?

ப: நன்றாக உதவும். எது உணரும், எது உணராது என்று கோடு போடும் இடத்தில்தான் எல்லாமே இருக்கிறது. லாப்ஸ்டரை மயக்காமல் கொதிநீரில் போடுவதை 2018இல் சுவிட்சர்லாந்து தடை செய்தது. நண்டு, இறால், ஆக்டோபஸ் எல்லாம் உணரும் உயிர்களே என்று 2022இல் பிரிட்டன் சட்டத்திலேயே சேர்த்தது. நம் மீன் சந்தையிலோ நண்டின் ஓட்டை உயிரோடு பிய்க்கிறார்கள். பையில் விழுந்த பிறகும் கால்கள் அசைகின்றன. சாப்பிடாதீர்கள் என்று சொல்லவில்லை. வரும் ஞாயிறு நண்டு வாங்கினால், முதலில் உயிரை முடித்துவிட்டு அப்புறம் ஓட்டைப் பிரிக்கும்படி கடைக்காரரிடம் சொல்லுங்கள்.