வெற்றிலை மட்டும் அனுப்பு

பிரைட்டன், இங்கிலாந்து

அன்புள்ள அக்காவுக்கு,

போன் பேசும்போதெல்லாம் "கடலோர ஊராமே, உனக்கென்னடா குறை" என்று கேட்கிறாய். போனில் சொன்னால் பாதியிலேயே சிரித்துவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். குறை குழாயில் வருகிறது.

வேதாரண்யத்தில் பிறந்தவனுக்குத் தண்ணீரைப் பற்றி எவனும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. போர் போட்டால் உப்பு. கொள்ளிடத்துத் தண்ணீர் வருகிற நாளில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுச் சண்டைக்குத் தயாராக நிற்க வேண்டும். இங்கே அந்த வம்பே இல்லை. ராத்திரி ரெண்டு மணிக்குத் திறந்தாலும் கொட்டுகிறது, வாயில் வைத்தால் துளி கரிப்பில்லை. இவ்வளவு நல்ல தண்ணீருக்கு என்ன குணக்கேடு என்று தெரிய, அடுப்பில் ஏற்ற வேண்டியிருந்தது.

ஊருக்குப் பின்னால் சவுத் டவுன்ஸ் என்று குன்றுகள். அத்தனையும் வெள்ளைச் சுண்ணாம்புப் பாறை. மழைத்தண்ணீர் கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு உள்ளே இறங்கும்போது பாறையையும் கொஞ்சம் கரைத்துக்கொண்டு போகிறது. அந்த ஊற்றை இறைத்துத்தான் குழாயில் விடுகிறார்கள். கொதித்ததும் வாயு போய்விடும், சுண்ணாம்பு கெட்டிலில் தங்கிவிடும். கிழக்கே பஸ் ஏறினால் செவன் சிஸ்டர்ஸ் என்று வெள்ளைவெளேரென்ற பாறைச் சுவர்கள் கடலைப் பார்த்து நிற்கின்றன. எங்கெங்கிருந்தோ வந்து படம் பிடிக்கிறார்கள். நான் பிடிக்கவில்லை. தினம் டம்ளரில் பார்ப்பதற்குப் படம் எதற்கு? நீ அடுத்த பார்சலில் கும்பகோணம் கொழுந்து வெற்றிலையும் பாக்கும் வைத்தால் போதும். மூன்றாவது சாமானை இங்கே குழாயிலேயே பிடித்துக்கொள்கிறேன்.

அத்தான் கணக்குக் கேட்பார். நம் நாட்டுத் தர நிர்ணயத்தில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் கடினத்தன்மை வரை சரி, வேறு வழியில்லை என்றால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். இந்தச் சுண்ணாம்புச் சீமையில் 200-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். இங்கே சட்டத்தில் இதற்கு உச்சவரம்பே வைக்கவில்லை. குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாதாம். பாத்திரத்தைத்தான் படுத்துகிறது.

நீ கொடுத்தனுப்பிய எவர்சில்வர் காபி ஃபில்டரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். பாதி ஓட்டையில் வெளிச்சமே வரவில்லை. ஊக்கை எடுத்து ஒவ்வொன்றாகக் குத்தினேன், பொடிப்பொடியாக வெள்ளைத் தூள் உதிர்ந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மற்றவர்கள் சர்ச்சுக்குப் போகிறார்கள், நான் இதைச் செய்கிறேன். துவரம்பருப்பு குக்கரில் எத்தனை விசில் விட்டாலும் முழித்துக்கொண்டே கிடக்கும். சுண்ணாம்புச் சத்து பருப்பின் செல்சுவரில் இருக்கும் பெக்டினோடு சேர்ந்து இறுகிப்போவதால் மசியாதாம். அம்மா போர் தண்ணீரில் பருப்பு போடும்போது ஒரு சிட்டிகை ஆப்பசோடா போடுவாளே, அந்த வைத்தியம் இங்கேயும் பலிக்கிறது. குளியலறை ஷவர் இன்னொரு கூத்து. ஓட்டைகள் அடைத்துக்கொண்டதில் தண்ணீர் என் தலையை விட்டுவிட்டுச் சுவரில் தொங்கும் துண்டைக் குளிப்பாட்டுகிறது.

பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இதெல்லாம் குறையே இல்லை. பாலிதீன் பையில் வினிகரை ஊற்றி ஷவர் மூக்கில் ராத்திரி முழுக்கக் கட்டி வைக்கச் சொல்லிக்கொடுத்தாள். மீனுக்கும் அதே வினிகர், கெட்டிலுக்கும் அதே வினிகர். அவள் வீட்டு டீயில் மேலே ஓர் ஆடை மிதக்கும். பாலாடை என்று நம்பிக் கரண்டியை விட்டால் சில்லு சில்லாக உடையும். "வடக்கே ஸ்காட்லாந்துத் தண்ணீரில் சாரமே கிடையாது" என்று பெருமை வேறு. இந்த மாதிரித் தண்ணீருக்கென்றே யார்க்‌ஷயர் டீ தனியாக ஒரு தூள் விற்கிறது என்றால் பார்த்துக்கொள்.

அந்த ஸ்காட்லாந்தில், அபர்தீனில், தாமஸ் கிளார்க் என்று ஒரு ரசாயனப் பேராசிரியர். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பை எடுக்க இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைப் போடு என்று கண்டுபிடித்து 1841-இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். முள்ளை முள்ளால் எடுக்கிற வித்தை.

இப்போது வீட்டுக்காரர் மனமிரங்கி, தொட்டிக்கு அடியில் ஒரு மெஷின் வைத்துக் கொடுத்திருக்கிறார். உள்ளே சின்னச் சின்ன பிசின் மணிகள். அவை சுண்ணாம்பைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடுகின்றன. மணிகள் களைத்துவிட்டால் உப்புக் கரைசலில் கழுவி எழுப்ப வேண்டும். ஆமாம் அக்கா, உப்புதான். தண்ணீரில் உப்பு என்று ஓடிவந்தவன், தண்ணீருக்காக உப்பு மூட்டை சுமக்கிறேன். சமையல் உப்புக்கு இங்கே வரியில்லை, இந்த உப்புக்கு மட்டும் 20 சதவீதம். 1930-இல் உப்பு வரியை எதிர்த்து ராஜாஜி திருச்சியிலிருந்து நம்மூர் வரை நடந்து வந்தாரே, இன்னும் கொஞ்ச தூரம் நடந்திருக்கலாம்.

பிளம்பர் ஒரு நிபந்தனை போட்டான்: குடிக்க மட்டும் பழைய குழாய், மற்றதற்கெல்லாம் மெஷின் தண்ணீர். ஆக வீட்டில் ரெண்டு தண்ணீர், அசல் நம்மூர் ஏற்பாடு. ஒரே வித்தியாசம், அங்கே நல்ல தண்ணீரைக் குடித்துவிட்டு மட்டமானதில் துணி துவைப்போம். இங்கே என் பனியன் பூப்போன்ற தண்ணீரில் குளிக்கிறது, நான் மலையைக் குடிக்கிறேன். பருப்புக்கு மட்டும் யாருக்கும் தெரியாமல் பனியன் தண்ணீரில் ஒரு செம்பு எடுத்துக்கொள்கிறேன்.

அகஸ்தியன்பள்ளி உப்பளத்தில் சொல்லி ஒரு மூட்டை அனுப்பட்டுமா என்று அத்தான் கேட்டாராம். வேண்டாம் என்று சொல். களிமண் ஒட்டின உப்பைப் போட்டால் மெஷின் படுத்துவிடும், அதற்கு வினிகர் வைத்தியமும் கிடையாது. அதற்குப் பதில் ஒரு கிலோ கொட்டை எடுத்த புளி போதும், கெட்டிலுக்குத்தான். மேட்டூர் திறந்துவிட்டார்களா, கடைமடைக்குத் தண்ணீர் எட்டியதா என்று மறக்காமல் எழுது. ஃபில்டர் ரெண்டாக வாங்கு.

அன்புத் தம்பி