பெயர் எழுதாத சோற்றுப் பார்சல்

2004 டிசம்பர் 26ஆம் திகதி, முல்லைத்தீவுக் கரையைக் கடல் அள்ளிக்கொண்டு போன செய்தி முள்ளியவளைக்கு வந்தபோது எங்கள் வீட்டில் மத்தியானச் சோற்றுக்கு உலை கொதித்துக்கொண்டிருந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் இன்னொரு பெரிய பானையை அடுப்பில் ஏற்றினா. ஒழுங்கையில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். பின்னேரத்துக்கிடையில் உழவு இயந்திரப் பெட்டி நிறையச் சோற்றுப் பார்சல் பள்ளிக்கூடத்துக்குப் போனது. வாழையிலையில் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. மேலே பழைய ஈழநாதம் பேப்பர், ஒரு நூல் கட்டு. எது யார் வீட்டுச் சோறு என்று கட்டியவருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கும் தெரியாது.

உலகம் அதற்குப் பிறகுதான் வந்தது. ஏ9 வீதியால் லொறி லொறியாக வந்தது. தறப்பாள், வாளி, பால்மா, படகு என்று எல்லாம் வந்தன. யார் பெற்ற பிள்ளைகளோ எங்கள் பிணங்களுக்காக அழுதார்கள். அந்த நன்றி எனக்கு இன்றைக்கும் உண்டு.

நாலு வருடம் முழுசாகக் கழியவில்லை. 2008 செப்டெம்பரில் அரசாங்கம் உதவி நிறுவனங்களை வன்னியை விட்டு வெளியேறச் சொன்னது. கிளிநொச்சியில் ஐ.நா. அலுவலக வாசலில் சனம் திரண்டு, போகாதேங்கோ என்று மன்றாடியது. வாகனங்கள் போய்விட்டன. கடல் அடித்தபோது ஓடி வந்த உலகம், எறிகணை அடித்தபோது எழும்பிப் போனதை இன்றுவரை என்னால் சீரணிக்க முடியவில்லை. இயற்கை கொன்றால் இரங்குவதும் மனிதர் கொன்றால் ஒதுங்குவதும் எந்த ஊர் நியாயம்?

2009இல் முள்ளிவாய்க்காலில் மிஞ்சியது கஞ்சி. அரிசி, தண்ணீர், உப்பு. பால் விட வழியில்லை. அதைக் காய்ச்சியவர்களும் பசியோடு நின்றவர்கள்தான். உணவுக்கு வரிசையில் நின்ற தாய்மாரும் பிள்ளைகளும் எறிகணையில் செத்தார்கள். பிறகு செட்டிகுளம் மெனிக்பாம். முள்ளுக்கம்பிக்குள் இரண்டு லட்சத்துக்கும் மேலான சனம். எதற்கும் வரிசை, எதற்கும் பதிவு. 2012 செப்டெம்பரில்தான் அந்த முகாமை மூடினார்கள்.

இப்போதும் வெள்ளம் வருகிறது. 2018 டிசம்பரில் இரணைமடுவின் வான்கதவுகளைத் திறந்த இரவில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் சனம் பள்ளிக்கூடங்களுக்கு ஓடியது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல். வரிசையில் நின்று வளர்ந்த பிள்ளைகள் இன்று கொடுக்கிற பக்கம் நிற்கிறார்கள். முழங்கால் தண்ணீரில் கிழவிகளைத் தோளில் தூக்கி வருகிறார்கள். தங்கள் வளவில் வெள்ளம் வற்றமுதலே மலையகத்து மண்சரிவுக்கென்று அரிசி சேர்த்த பெடியளை எனக்குத் தெரியும். இதில் எனக்குப் பெரிய பெருமை.

ஆனால், படம். அண்மையில் ஒரு விநியோகத்துக்குப் போயிருந்தேன். சுவரில் கொடையாளரின் பெயரோடு பதாகை. ஒரு தாய் இரண்டு கையாலும் பொதியைப் பிடித்திருக்கிறா. கொடுப்பவர் இன்னும் விடவில்லை. "அக்கா, இஞ்சாலை பாருங்கோ." அவவின் மகன் ஒன்பதாம் வகுப்பிருக்கும். தாயின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அந்தப் படம் இரவைக்கு முகநூலில் வரும், விடிய வகுப்பில் எல்லாரும் பார்த்திருப்பார்கள் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்குக் கிடைத்தது ஒரு கிழமைச் சாமான். அவனிடமிருந்து எடுத்தது அதைவிடப் பெரிசு.

பொதிக்குள் அடங்காத தேவைகளைப் பற்றியும் யாராவது பேச வேண்டும். மார்கழி வெள்ளம் காலபோக வயலை மூடினால், போவது ஒரு வருடச் சோறும் அடைவு வைத்த நகையும். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலின் குளிரில் மாடுகள் கூட்டமாக விறைத்துச் செத்தன. பால் விற்றுப் பிள்ளை படிப்பித்த விதவைக்குப் பருப்பும் சீனியும் என்ன ஈடு? வெள்ளம் வற்றினால் முதல் வேலை கிணறு இறைப்பது. சேறு அள்ளி, குளோரின் போடும் மட்டும் அந்தத் தண்ணீரை வாயில் வைக்கக்கூடாது. அதற்கு ஒரு நீர்ப்பம்பியும் நாலு ஆளும் மண்ணெண்ணெயும் போதும். பதாகை கட்டுவதற்கு அது தோதான காட்சியில்லை, அதனால் காசு வருவது குறைவு.

கனடாவில் இருக்கிற என் தம்பியிடம் இதைச் சொன்னேன். "அண்ணை, படம் ஒண்டு போட்டாத்தான் இஞ்ச சனம் நம்பிக் காசு தரும்" என்றான். அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. உழைத்த காசு எங்கே போகிறது என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. கணக்குக் காட்டு, பற்றுச்சீட்டு அனுப்பு, இறைத்த கிணற்றைப் படமெடு, விதைநெல் மூட்டையைப் படமெடு, ஆட்களை விடு என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, பம்பி ஒன்று என்ன விலை போகும் என்று கேட்டான். பரந்தனில் விசாரித்துச் சொல்லியிருக்கிறேன்.