குப்பைமேனிக்கு மரியாதை கிடைக்கும் தருணம்: செங்கத்துப் பூனைகளையும் மனிதர்களையும் முன்வைத்து ஓர் ஆய்வு

கருதுகோள்: மண்ணில் நிற்கும்வரை குப்பைமேனியை மதிப்பாரில்லை. பிடுங்கிய பிறகே மரியாதை தொடங்குகிறது.

ஆய்வுக்களம்: ஜவ்வாது மலையடிவாரத்தில், செய்யாற்றங்கரையில் உள்ள செங்கம்; மலைபடுகடாம் கண்ட நன்னனின் ஊர். ஒரு மழை பெய்தால் கொல்லை, வாய்க்கால் ஓரம், குட்டிச்சுவர் எங்கும் செடி முளைத்துவிடுவதால், ஆய்வாளர் பயணப்படி கோர வழியில்லாமல் போயிற்று.

முன்னாய்வுகள்: டச்சு மலபாரை ஆண்ட வான் ரீடின் ‘ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்’ பத்தாம் தொகுதி (1690) இச்செடியைப் படத்தோடு பதிந்தது. 1753இல் லின்னேயஸ் ‘அகாலிஃபா இண்டிகா’ என்று பெயர் வைத்தார். ஆமணக்குக் குடும்பம்தான். ஆமணக்குக்கு ஊரெல்லாம் பெயர், பங்காளிக்குக் குப்பைமேடு.

செடியின் தரப்பு: மேலிருந்து பார்த்தால் கீழ் இலைகளுக்கு நீளக் காம்பு, மேல் இலைகளுக்குக் குட்டைக் காம்பு. ஒன்றின் வெயிலை மற்றொன்று மறைப்பதில்லை. பக்கத்து வீட்டு ஜன்னலை மறைத்து மாடி எழுப்புவோர் கவனிக்க வேண்டிய நுட்பம் இது.

சான்று 1, பூனை: நிற்கிற செடியை அது பொருட்படுத்துவதில்லை. வேரோடு பிடுங்கிப் போட்டால் வந்து முகரும், கன்னத்தைத் தேய்க்கும், மல்லாந்து புரளும். பூனைவணங்கி என்ற பெயரும் இச்செடிக்கு உண்டு.

சான்று 2, மனிதர்: சொறி சிரங்குக்கு இலையோடு உப்பு வைத்து அரைத்துப் பூசச் சொன்னால் பேரன் முகம் சுளிக்கிறான். அதே இலை காய்ந்து பொடியாகிப் பொட்டலத்தில் ஏறினால், நாட்டு மருந்துக் கடையில் காசு கொடுத்து வாங்குகிறான். வீடு திரும்பும் வழியில் செடியை மிதித்துக்கொண்டுதான் வருகிறான்.

எச்சரிக்கை: மரியாதை மிஞ்சினாலும் ஆபத்து. ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்கள் குப்பைமேனிக் கஞ்சி குடித்து, ரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்ததை இலங்கை மருத்துவர்கள் 1996இல் பதிந்திருக்கிறார்கள். பூனைகளைப் பற்றி அப்படிப் புகார் எதுவும் ஆய்வாளர் பார்வைக்கு வரவில்லை.

விவாதம்: பூனையின் இந்த அறிவுக்கு ஒரு நடுகல்லாவது வைத்திருக்கலாமே என்று கேட்கலாம். செங்கம் வட்டாரம் நடுகற்களுக்குப் பேர்போனது, மிருகங்களை மறந்ததுமில்லை. பல்லவர் காலத்து எடுத்தனூர் நடுகல்லில், இரண்டு கள்ளர்களைக் கடித்த கோவிவன் என்ற நாய்க்கும் இடம் கிடைத்திருக்கிறது. ஆனால் அந்தக் கல் நட்டது எப்போது? நாயின் எஜமான் தொறுப்பூசலில், அதாவது கால்நடை கவரும் சண்டையில், விழுந்த பிறகு. ஆக, நம் விதி செடியோடு நிற்பதில்லை, வீரனுக்கும் செல்லும்.

முடிவு: கருதுகோள் நிறுவப்பட்டது. இக்கட்டுரைக்கான முனைவர் பட்டத்தையும் ஆய்வாளர் அந்த முறைப்படியே எதிர்பார்க்கிறார், அவசரம் இல்லை.