மருமவனும் செட்டு மாத்திரையும்

வாரும் மருமவனே, உக்காரும். திரேஸ்புரத்துல உம்மளப் போல விவரமான சங்குகுளி ஆளு உண்டா? எட்டுப் பாகம் ஆழத்துல, கலங்கல் தண்ணியில, சங்கு எது கல்லு எதுன்னு தடவியே சொல்லிருவீரு. கரைக்கு வந்தா மட்டும், மூட்டு வலிக்குன்னு மெடிக்கல்காரன் கத்தரியால வெட்டி, காயிதத்துல மடிச்சுத் தாற செட்டு மாத்திரைய, பேரு கேக்காம முழுங்குதீரு. நல்ல நம்பிக்கை!

அதுல ஒண்ணு நிமசுலைடுன்னு வையும். லேசுப்பட்ட மாத்திரையா அது? ஈரலுக்கு ஆகலன்னு 2002-ல பின்லாந்தும் ஸ்பெயினும் நிறுத்திட்டாவ, 2007-ல அயர்லாந்து. அமெரிக்காக்காரன் உள்ளயே விடல. நம்ம சர்க்காரு அவசரப்படுமா? 2011-ல, 12 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையளுக்குக் கூடாதுன்னுச்சு. மாட்டுக்குப் போட்டா, செத்த மாட்டத் தின்ன பிணந்தின்னிக் கழுகு சாவுதுன்னு அதையும் தடுத்துச்சு. உடனே கரையுற மாத்திரையில 100 மில்லிகிராமுக்கு மேல மனுசனுக்கும் வேண்டாம்னு உத்தரவு வந்தது 2025 டிசம்பர் கடைசியில. வரிசையப் பாத்தீரா, கழுகுக்குப் பொறவுதான் நீரு. விசனப்படாதேயும், 100 இன்னும் கடையில உண்டு.

செட்டுல டைக்ளோபெனாக்கு கெடந்தா, அதுவும் ஈரல அடிக்கும். எல்லாருக்கும் இல்ல, எவனோ ஒருத்தனுக்குத்தான். ஆனா அந்த ஒருத்தன் யாருன்னு முன்கூட்டிச் சொல்ல ஆளு கிடையாது. செட்டுக்குள்ள பாரசிட்டமாலும் கிடக்கும். காய்ச்சல்னு தனியா ரெண்டு போடுவீரு, பொழுது சாஞ்சா டாஸ்மாக்குக்கும் ஒரு நடை. ஈரலுக்கு எவ்வளவு உபசாரம்!

பொறவு பசிக்காது, ஓங்கரிக்கும், மூத்திரம் கட்டங்காப்பி நெறத்துல போவும், கண்ணு மஞ்சளிக்கும். அப்போ கீழாநெல்லிய அரைச்சுக் குடிச்சிக்கிட்டே, மூட்டு வலிக்குன்னு அதே செட்டையும் போடுவீரு. முதல்ல நிறுத்த வேண்டியது அந்த மாத்திரையத்தான், ஓய்!

இன்னொண்ணு. கம்ப்ரஸர் காத்துல நேரங்காலம் இல்லாமக் கெடந்துட்டு விறுவிறுன்னு மேல ஏறுனா, ரத்தத்துல கரைஞ்ச நைட்ரஜன் குமிழி கட்டி, தோளுலயும் முட்டியிலயும் குத்தும். அது வாதமில்ல. மாத்திரை போட்டா வலி மறைஞ்சிரும், குமிழி எங்க போவும்? காலு மரத்துச்சுன்னா ஆஸ்பத்திரிக்குப் போவ ஒரு நிமிசமும் தாமசிக்கப்படாது.

நாளைக்குக் கடலுக்குப் போவாம பெரியாஸ்பத்திரிக்குப் போம். ஈரல் சோதனைக்கு ரத்தம் குடும். முங்குற சங்கதிய மறைக்காமச் சொல்லும். மெடிக்கல்ல கேட்டு, மாத்திரைப் பேரு உள்ள அட்டைய வாங்கிக் கொண்டு போம். காயிதப் பொட்டலத்தப் பாத்து மருந்து சொல்ல டாக்டரு ஜோசியரில்ல.