வசூல் பிரிவினரின் கவனத்திற்கு

பெறுநர்:
நிர்வாகத்தார்,
மார்வெல் ஸ்டூடியோஸ், பர்பேங்க், கலிஃபோர்னியா.

பொருள்: தங்கள் வசூல் சாதனை – பாராட்டும் ஒரு சந்தேகமும் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

2008-இல் 'அயர்ன் மேன்' வந்ததிலிருந்து தவறாமல் டிக்கெட் எடுத்து வருபவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் 'உலக சினிமா பார்க்கிற ஆசாமி போலிருக்கு' என்று மனுவைக் கசக்கிப் போட்டுவிடுவீர்கள். 2019-இல் மார்ட்டின் ஸ்கோர்செஸி உங்கள் படங்களைத் தீம் பார்க்கோடு ஒப்பிட்டபோது நான் உங்கள் கட்சி. தட்டில் சோறு ஆறிப்போகும்வரை அவருக்கு எதிராக வீட்டில் வாதாடியிருக்கிறேன்.

சந்தேகத்துக்கு வருகிறேன். தமிழில் வசூல் என்று ஒரே சொல்தான். படம் ஓடிக் கல்லா நிறைந்தாலும் வசூல். தவணைக்காரர் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்து வாங்கிப்போனாலும் வசூல். உங்களுடையது இதில் எது?

'எண்ட்கேம்' ஏறத்தாழ 280 கோடி டாலர் ஈட்டியது. மறுக்கவில்லை. ஆனால் அது உங்கள் வரிசையில் 22-ஆவது படம். இருபத்தொரு மாதம் சீட்டுக் கட்டியவர் இருபத்திரண்டாம் மாதம் கட்டாமல் விடுவாரா? அதைச் சீட்டின் மேல் அவருக்குள்ள பக்தி என்று யாரும் போஸ்டர் அடிப்பதில்லை. அந்தப் படத்தின் தமிழ்ப் பதிப்பில் அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியின் குரல் என்றதும் பழைய குரல்தான் வேண்டும் என்று ரசிகர்கள் கொதித்தார்கள். கொதித்துக்கொண்டே வந்து வரிசையில் நின்றார்கள். கட்டிய பணம் அப்படி.

அதற்கப்புறம் உலக வசூலில் முதலிடத்துக்கான சண்டை. 'அவதார்' கொஞ்சம் முன்னால் நின்றது என்பதற்காக, வெளியான இரண்டே மாதத்தில் சில துண்டுக் காட்சிகளை ஒட்டி 'எண்ட்கேம்' படத்தை மறுபடி திரையிட்டீர்கள். ஜூலையில் முந்தியும் விட்டீர்கள். 2021-இல் 'அவதார்' சீனாவில் மறுவெளியீடு கண்டு இடத்தைப் பிடுங்கிக்கொண்டது. மறுகூட்டலுக்கு விண்ணப்பித்து ஒரு மதிப்பெண்ணில் முதல் ரேங்க் வாங்கும் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். இது அதற்கும் மேல். ஏனென்றால் 'அவதார்' படத்தைத் தந்த ஃபாக்ஸை உங்கள் முதலாளி டிஸ்னி 2019 மார்ச்சிலேயே, அதாவது 'எண்ட்கேம்' வருவதற்கு ஒரு மாதம் முன்பே, வாங்கியாகிவிட்டது. ஒரே சட்டையின் இடது பைக்கும் வலது பைக்கும் நடந்த போட்டியை நகம் கடித்துக்கொண்டு பார்த்தோம். டிக்கெட் விலை ஏற்றத்தைக் கணக்கில் எடுத்தால் 1939-இல் வந்த 'கான் வித் த விண்ட்' இரண்டுக்கும் மேலே நிற்கிறது. அதற்குப் பாகம் இரண்டு கூட இல்லை.

உங்கள் ஆரம்பக் கதை எனக்கு உண்மையிலேயே பிடிக்கும். 1996-இல் திவால். 2005-இல் கேப்டன் அமெரிக்கா உள்ளிட்ட பத்துப் பாத்திரங்களின் படவுரிமையை, வீட்டு நகையை வைப்பதுபோல், மெரில் லிஞ்சிடம் ஈடு வைத்து 52.5 கோடி டாலர் வரை கடனுக்கு வழி செய்துகொண்டீர்கள். அப்போது படம் ஓடாவிட்டால் நகை முழுகிவிடும் என்ற பயம் இருந்தது. 'அயர்ன் மேன்' படத்தில் அந்தப் பயம் தெரியும். அதனால்தான் அது நல்ல படம்.

பயம் போனதும் பாடத்திட்டம் வந்தது. 2023-இல் 'தி மார்வெல்ஸ்' பார்க்க உட்கார்ந்தேன். பக்கத்தில் அக்கா மகன்.

"யாருடா இவங்க?"

"அவங்களைப் பத்தித் தெரியணும்னா ஒன்பது எபிசோட் பாக்கணும் மாமா."

"அந்தச் சின்னப் பொண்ணு?"

"அதுக்குத் தனியா ஆறு."

கல்லூரியில்கூட எனக்கு இத்தனை அரியர் விழுந்ததில்லை. உலகம் முழுவதும் அப்படித்தான் போலிருக்கிறது. படம் சுமார் 20.6 கோடி டாலரோடு நின்றது, உங்கள் வரிசையிலேயே கடைசி. தவணை கட்டுகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

பிறகு நீங்கள் செய்த பரிகாரங்களும் கவனத்துக்கு வந்தன. 2017-இல் ஃபாக்ஸ் புதைத்த வுல்வரினை 2024-இல் தோண்டி எடுத்து எலும்போடு சண்டை போட்டீர்கள். வசூல் 130 கோடி டாலரைத் தாண்டியது. 2025-இல் 'தண்டர்போல்ட்ஸ்' வெளியான சில நாளிலேயே போஸ்டரில் 'தி நியூ அவெஞ்சர்ஸ்' என்று பெயர் மாறியது. முன்கூட்டியே திட்டமிட்டது, தலைப்பில் இருந்த நட்சத்திரக் குறியே அதற்குத்தான் என்பீர்கள். நம்புகிறேன். எங்கள் பக்கம் கடைப் பெயரை மாற்றுகிறவர்களும் நியூமராலஜிக்காரர் போன வருஷமே சொன்னார் என்றுதான் சொல்வார்கள்.

என் கோரிக்கை இவை எதையும் பற்றியது அல்ல. 'எண்ட்கேம்' முடிந்து பெயர்கள் ஓடத் தொடங்கியபோது எங்கள் தியேட்டரில் ஒருவரும் எழவில்லை. மூன்று மணி நேரப் படம். பாதிப் பேர் காலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். துடைப்பமும் கறுப்புப் பையுமாக உள்ளே வந்த அக்கா சுவரோரம் சாய்ந்து நின்றார். அடுத்த காட்சிக்கு வெளியே கூட்டம் நெருக்குகிறது. காலடியெல்லாம் பாப்கார்ன்.

"இன்னும் இருக்கா தம்பி?"

"இருக்குக்கா. கடைசியில ஒரு சீன் வரும்."

பத்து நிமிடம்போல் ஓடியது. கடைசியில் உங்கள் சின்னம் வந்தது. இரும்பைச் சம்மட்டியால் தட்டும் சத்தம் கேட்டது. டங். டங். விளக்கு எரிந்துவிட்டது. அயர்ன் மேனான டோனி ஸ்டார்க் முதல் படத்தில் குகைக்குள் கவசம் அடித்த சத்தம் அது என்று அக்காவிடம் விளக்க முயன்றேன். அவர் அதற்குள் என் இருக்கைக்கு அடியில் பெருக்க ஆரம்பித்திருந்தார். "காலைத் தூக்குப்பா" என்றார்.

ஆகவே, இனி வரும் படங்களில் பெயர்கள் ஓடத் தொடங்கும்போதே 'கடைசியில் காட்சி உண்டு' அல்லது 'இல்லை' என்று ஒரு வரி போட ஆவன செய்யுமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். பின்வரிசையிலிருந்தாவது அவர் வேலையைத் தொடங்கலாம்.

இப்படிக்கு,
'எச்' வரிசை, 14-ஆம் இருக்கை.