‘அதுவா செட் ஆயிடும் சார்’: புதுவீட்டுக் குறைகளும் மேஸ்திரியின் மறுமொழிகளும் – ஜமுனாமரத்தூரை முன்வைத்து ஒரு முன்னாய்வு

வீடு கட்டுவதைப் பற்றித் தமிழில் எழுத்துக்குப் பஞ்சமில்லை. மனையடி சாஸ்திரம் பஞ்சாங்கக் கடையிலேயே கிடைக்கிறது; இத்தனை அடி அறைக்கு இன்ன பலன் என்று அடி அடியாகச் சொல்கிறது. நெடுநல்வாடையில் நக்கீரர், நண்பகலில் கோல் நட்டு நிழல் பார்த்துக் கயிறு பிடித்து அரண்மனைக்கு மனை வகுத்ததைப் பாடியிருக்கிறார். ஆனால் அந்த அரண்மனை அடுத்த ஐப்பசியில் ஒழுகியதா, ஒழுகியிருந்தால் கட்டியவர்களைக் கூப்பிட எத்தனை முறை ஆளனுப்பினார்கள் என்பது பற்றி அவர் மூச்சுவிடவில்லை. வீடு கட்டி முடிந்த நாளுக்கும் மேஸ்திரி திரும்பி வரும் நாளுக்கும் இடையிலுள்ள காலம் தமிழாய்வில் இருண்ட காலமாகவே இருக்கிறது. இக்கட்டுரை அதில் ஒரு அகல் விளக்கை ஏற்ற முயல்கிறது. விளக்கு வைக்க மாடம் கேட்டிருந்தேன், மேஸ்திரி மறந்துவிட்டார்.

ஆய்வுக் களம், திருவண்ணாமலை மாவட்டத்தில் ஜவ்வாது மலைமேல் உள்ள ஜமுனாமரத்தூர். சாமையும் தேனும் பலாவும் இங்கிருந்து கீழே போகின்றன. சிமென்ட்டும் கம்பியும் எம்-சாண்டும் மேஸ்திரியும் போளூரிலிருந்து மேலே வருகிறார்கள். ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட வீடுகளின் எண்ணிக்கை ஒன்று. அதில்தான் ஆய்வாளர் குடியிருக்கிறார். பள்ளிக்கூட வாத்தியார் சேமிப்பில் எழும்பிய ஏழு சதுரத்து வீடு. மாதிரி சிறியது என்று புலவர்கள் குறை சொல்லலாம். குறைகளின் எண்ணிக்கையில் அது ஈடுகட்டப்பட்டிருக்கிறது.

முதலில் மூல ஆவணம். எனக்கும் மேஸ்திரிக்கும் எழுத்தில் ஒப்பந்தம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. எத்தனை மூட்டை வந்தது, எவ்வளவு முன்பணம் வாங்கினார், கூலி எவ்வளவு நிற்கிறது என்பதையெல்லாம் ஆசாரியின் தட்டைப் பென்சிலை வாங்கி, கூடத்து கான்கிரீட் பில்லர்மேல் எழுதிக்கொண்டு வந்தார். கணக்கில் சுத்தமான மனிதர். பிறகு பூச்சு வேலை தொடங்கியது. ஒரு வியாழக்கிழமை காலையில் எங்கள் ஒப்பந்தத்தின்மேல் அரை அங்குலக் கலவை ஏறியது. கல்வெட்டை வெட்டிய கையே மூடிய நிகழ்ச்சி வரலாற்றில் அரிது என்பதால் தேதியைக் குறித்து வைத்தேன். அதையும் அந்தப் பில்லரில்தான் குறித்து வைத்தேன்.

இனி குறைகள். காலத்தால் முந்தியது வெடிப்பு. குடிபோன மூன்றாம் வாரம் ஜன்னல் மூலையிலிருந்து கிளம்பி மேல்நோக்கிச் சாய்ந்தேறியது ஒரு கோடு. மேஸ்திரி பார்த்தார், கட்டைவிரலால் தடவினார், ‘அது ஏர் கிராக் சார், ஒண்ணும் பண்ணாது’ என்றார்.

இச்சொல்லின் வேர் ஆராயத்தக்கது. தலைமுடி அகலமே உள்ள வெடிப்பு என்பதால் பொறியாளர்கள் அதற்கு ஆங்கிலத்தில் ‘ஹேர்’ வைத்தார்கள். வாயில் ஹகரம் தேய்ந்து ‘ஏர்’ ஆயிற்று. தேய்ந்ததும் பொருளும் மாறிவிட்டது. காற்று புகுந்ததால் வந்தது ஏர் கிராக் என்பது ஒரு சாரார் கொள்கை. ஆகவே ஜன்னலைச் சாத்தி வைத்தால் போதும். சித்தாளாக வந்த பெரியவர் ஒருவர், ஏர் ஓட்டினாற்போல நீளமாகப் போவதால் அந்தப் பெயர் என்றார். நான் இந்த மூன்றாவது விளக்கத்தின் பக்கம். நிலத்தில் உழவு விழுந்தால் விளைச்சல் வரும். என் சுவரில் மழைக்காலத்தில் பாசி விளைகிறது.

மேஸ்திரி சொன்னதில் பாதி உண்மை என்பதையும் ஆய்வாளன் மறைக்கக் கூடாது. சிமென்ட்டுப் பூச்சு உலரும்போது சுருங்கும். சுருங்கினால் மேலாக மெல்லிய கோடுகள் விழும். அவை வீட்டைச் சாய்ப்பதில்லை. செங்கல் சுவரும் கான்கிரீட் பில்லரும் சேரும் இடத்தில் இரண்டும் வெயிலுக்கு வெவ்வேறு அளவில் விரிவதால் நேர்கோட்டில் வெடிக்கும். பூசுவதற்கு முன் அங்கே கோழிவலை அடித்திருந்தால் பெரும்பாலும் தப்பும். எங்கள் வீட்டுக்கு வாங்கிய கோழிவலை உண்மையிலேயே கோழிக்குப் போயிருந்ததைப் பின்னால் வேறோர் இடத்தில் கண்டேன். அது இக்கட்டுரைக்கு வெளியே.

வெடிப்பின் இன்னொரு காரணம் தண்ணீர் காட்டாதது. இந்தியத் தர நிர்ணயப்படி சாதாரண சிமென்ட் கான்கிரீட்டை 7 நாளாவது, சாம்பல் கலந்த சிமென்ட்டாக இருந்தால் 10 நாளாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் தளத்துக்கு மூன்று நாள் பாத்தி கட்டித் தண்ணீர் நின்றது. நான்காம் நாள் கேட்டபோது ஜவ்வாது மலைக்கே உரிய ஒரு தனிச் சித்தாந்தம் வெளிப்பட்டது: ‘மலையில ராவெல்லாம் பனி கொட்டுதே சார், தனியா வேற எதுக்குத் தண்ணி?’ சமவெளியில் பயின்றவருக்கு இந்தப் பதில் தோன்றியிருக்காது. இடத்துக்கேற்ப சிந்திப்பவர் என்று அன்று வியந்தேன். அடுத்த மழையில் வாளி வைத்தேன்.

அடுத்தது வாட்டம். தண்ணீர் ஓடுவதற்குத் தரையில் விடும் சரிவுக்குக் கொத்தனார்கள் வைத்திருக்கும் அழகான பெயர் அது. வீட்டுக்காரன் முகத்தில் பின்னால் தோன்றுவதற்கும் அதே பெயர். தமிழில் காரணமும் விளைவும் ஒரே சொல்லாக அமைந்த இடங்கள் குறைவு.

இதே மலையில், ஆலங்காயம் பக்கம், காவலூர் வைணு பாப்பு வானாய்வகம் இருக்கிறது. அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986இல் இயங்கத் தொடங்கியது. அது திரும்பும் அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக இருக்க வேண்டும் என்பதால், காவலூரின் அட்சரேகைக்குச் சரியாக, தரையிலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டரை பாகை சாய்த்து நிறுவியிருக்கிறார்கள். அவ்வளவு கணக்குப் போட்டுச் சாய்த்த இடத்திலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள், ரசமட்டம் வைத்து மட்டமாகப் போட்ட என் சமையலறைத் தரை தானாகவே சாய்ந்திருக்கிறது. எந்தத் திசையில் என்பது பால் காய்ச்சிய அன்றே தெரிந்துவிட்டது. தரையில் மூன்று செங்கல் வைத்து ஏற்றிய பானையில் பால் பொங்கி வழிந்து, தண்ணீர் போகும் ஓட்டையை ஏறெடுத்தும் பாராமல், எதிர்மூலைச் சாமி அலமாரியை நோக்கி ஓடியது. உறவினர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். புது வேட்டி துண்டோடு நின்றிருந்த மேஸ்திரி, ‘பாத்தீங்களா சார்’ என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். ஒரு குறை பக்தியாக மாறும் கணத்தை நேரில் கண்ட ஆய்வாளர் வேறு யாரும் இருப்பதாகத் தெரியவில்லை. இன்றுவரை பாத்திரம் கழுவின தண்ணீர் அனைத்தும் முருகனுக்கே போகிறது.

கதவு மழைக்கு ஊதிக்கொண்டு சாத்த மறுப்பது, வெயிலில் இளைத்துத் திறந்தே கிடப்பது, கூடத்து விளக்குக்கான சுவிட்ச் கதவுக்குப் பின்னால் பதுங்கியிருப்பது ஆகியவற்றை இடம் கருதி விடுகிறேன்.

மேஸ்திரி மொழியின் இலக்கணத்துக்கு வருவோம். தொல்காப்பியம் காலம் மூன்று என்கிறது. கள ஆய்வில் நான்காவது ஒன்று கிடைத்தது: ‘நாளைக்கு’. இதை எதிர்காலம் என்று கொள்வது பிழை. எதிர்காலம் என்றாவது ஒருநாள் நிகழ்காலமாகும். ‘நாளைக்கு ஆள் அனுப்புறேன் சார்’ என்பதில் வரும் நாளை எப்போதும் நாளையாகவே இருக்கும் தன்மையது. இதற்குத் துணைக்காலங்களும் உண்டு: ‘அமாவாசை கழிச்சு’, ‘போளூர்ல ஒரு தளம் போட்டுட்டு’, ‘பெயிண்ட் அடிக்கும்போது’. கடைசியானது நுட்பம் மிக்கது. பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் வெடிப்பு மறையும் என்பதால், குறை மேஸ்திரியின் அதிகாரத்திலிருந்து பெயிண்டரின் அதிகாரத்துக்குப் போய்விடுகிறது. பெயிண்டர் வந்ததும் கேட்கும் முதல் கேள்வி: ‘யாரு சார் இந்தப் பூச்சு பூசினது?’

சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? மிகப் பழைய சான்று பாபிலோனில் கிடைக்கிறது. ஏறத்தாழ 3,700 ஆண்டுகளுக்கு முந்தைய ஹமுராபி சட்டத்தில் கொத்தனாருக்கென்றே விதிகள் உண்டு. வீடு இடிந்து வீட்டுக்காரன் செத்தால் கட்டியவனுக்கும் சாவு. சுவர் நிற்குமா விழுமா என்று இருந்தால் கட்டியவன் தன் செலவில் உறுதிப்படுத்த வேண்டும். நம் பக்கத்தில் அவ்வளவு கடுமை இல்லை. 2016ஆம் ஆண்டு ரியல் எஸ்டேட் சட்டம், ஒப்படைத்த ஐந்து ஆண்டுக்குள் வேலைத்தரத்தில் குறை தெரிந்தால் கேட்ட முப்பது நாளில் இலவசமாகச் சரிசெய்து தர வேண்டும் என்கிறது. படித்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். அது மனை பிரித்தும் அடுக்குமாடி கட்டியும் விற்பவர்களுக்கான சட்டம். சொந்த இடத்தில் கூலிக் கான்ட்ராக்ட் விட்டவனுக்கு அந்த வாசல் கிடையாது என்று தெரிந்ததும் சட்டையைக் கழற்றினேன். எனக்குரியது நுகர்வோர் ஆணையம். 1993இல் திருத்தம் வந்ததிலிருந்து வீடு கட்டித் தருவதும் சேவைதான். திருவண்ணாமலையில் மாவட்ட ஆணையம் இருக்கிறது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். வக்கீல் இல்லாமலும் போகலாம். நல்ல ஏற்பாடு. ஆனால் யார், எவ்வளவுக்கு, எதைக் கட்டித் தர ஒப்புக்கொண்டார் என்பதற்கு ஆதாரம் கேட்பார்கள். என் ஆதாரம் பில்லருக்குள் இருந்தது.

பலர் சேர்ந்து பாதிக்கப்பட்டால் கதை வேறு. 2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பூங்கா அடுக்குமாடிக் குடியிருப்பில் கை பட்ட இடத்தில் பூச்சு உதிர்ந்ததை மக்கள் படம்பிடித்துக் காட்டினார்கள். ஊரே பார்த்தது; சென்னை ஐ.ஐ.டி.யின் கியூப் மையம் ஆராய வந்தது. மக்கள் கையாண்ட கருவி விரல். என்னிடமும் பத்து இருக்கின்றன. ஐ.ஐ.டி.தான் இல்லை.

ஒப்பீட்டுக்காக மலையின் பழைய வீடுகளையும் பார்த்தேன். ஜவ்வாது மலையில் பெருங்கற்காலக் கற்திட்டைகள் நிற்கின்றன. நாலாபுறமும் பலகைக்கல், மேலே ஒரு மூடுகல், ஒரு பலகையில் வட்டமாக இடுதுளை. குள்ளர்கள் குடியிருந்த வீடுகள் என்று மக்கள் கதை சொல்வார்கள். சாந்து இல்லாததால் பூச்சு வெடிக்கவில்லை, இரண்டாயிரம் ஆண்டுக்கு மேலாகப் புகாரும் இல்லை. ஆனால் தொல்லியலார் அவற்றை ஈமச்சின்னங்கள் என்கிறார்கள். அப்படியென்றால் அங்கே குடிபோன எவரும் மேஸ்திரியைக் கூப்பிடும் நிலையில் இல்லை. சான்றைத் தள்ளுபடி செய்கிறேன்.

உயிருள்ள சான்று பக்கத்து வீட்டுப் பாட்டி. மண்சுவர் வீட்டில் பிறந்து, வாழ்ந்து, இப்போது அதை ஒட்டி எழும்பும் கலைஞர் கனவு இல்லத்தின் 360 சதுர அடியைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டிருப்பவர். அரசு அவருக்கு மூன்றரை லட்சத்தையும் ஒரே நாளில் கொடுக்கவில்லை. கட்டடம் ஒவ்வொரு கட்டத்தைத் தாண்டியதும்தான் அடுத்த தவணை. தளம் போடும் முன்பே முக்கால் பங்கு கொடுத்துவிட்ட எனக்கு அந்தப் புத்தி வரவில்லை. பாட்டியிடம் என் வெடிப்பைக் காட்டினேன். ‘செவுருன்னா வெடிக்கத்தான் செய்யும். மண்ணைக் கொழைச்சுப் பூசிட்டுப் போவியா, இதுக்குப் போய் ஆளைக் கூப்டுற’ என்றார். அவர் வீட்டில் கட்டியவரும் குடியிருப்பவரும் ஒருவரே. புகார் சொல்ல இரண்டாவது ஆள் கிடையாது.

இரண்டாம் கார்த்திகையில், ஆய்வு முடியும் தறுவாயில், கூடத்துப் பில்லரின் பூச்சு ஒரு ராத்திரி மடாரென்று பலகையாக விழுந்தது. காரணம் எளிது. வழவழப்பான கான்கிரீட்டை உளியால் கொத்திவிட்டுப் பூச வேண்டும். அப்போதுதான் கலவை பிடிக்கும். கொத்தவில்லை. கொத்தியிருந்தால் எழுத்து அழிந்திருக்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன்: மூட்டைக் கணக்கு, முன்பணம், பூச்சு தொடங்கிய வியாழக்கிழமை, எல்லாம் பென்சில் மங்காமல் நின்றன. கடைசி வரியை என் மனைவிதான் உரக்கப் படித்தாள். ‘சார் பாக்கி 6,500.’

பூச்சு விழுந்த செய்தியை மட்டும் போனில் சொன்னேன். கணக்குத் தெரிகிறது என்று வாய்தவறிச் சொன்னவள் மனைவி. மறுநாள் காலை எட்டு மணிக்கு முதல் பஸ்ஸில் மேஸ்திரி வந்து இறங்கினார். கூடத்தில் நின்று மேலும் கீழும் பார்த்தார். செல்போனில் நாலு படம் எடுத்துக்கொண்டார். கலவைக்கு மணல் இருக்கிறது, அரை மூட்டை சிமென்ட்டும் வாங்கி வைத்திருக்கிறேன், இப்போதே பூசிவிடலாமே என்றேன்.

‘பூசிடலாம் சார்’ என்றார், உதிராமல் நின்ற ஓரத்தைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே. ‘பூசினா கணக்கு மறைஞ்சிடுமேன்னு பாக்குறேன்.’